49 செ.மீ. மழையும் 1971-இன் தூசிக் கணக்கும்

2015 டிசம்பர் 2 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் கொட்டிய மழை 49 செ.மீ. நுங்கம்பாக்கத்தில் 29 தான். அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. பாரிஸில் பருவநிலை மாநாடு நடந்துகொண்டிருந்த நேரம் அது. புவி வெப்பமாதலுக்குச் சாட்சியாகச் சென்னையை நிறுத்திவிட்டார்கள்.

அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தவர்கள் விஞ்ஞானிகளேதான். நெதர்லாந்தின் கெர்ட் யான் வான் ஓல்டன்போர்க், ஆக்ஸ்ஃபோர்டின் ஃபிரடெரிக்கே ஓட்டோ, தில்லி ஐ.ஐ.டி.யின் கிருஷ்ணா அச்சுதராவ் உள்ளிட்ட குழு, இந்த மழையில் வெப்பமாதலின் கை தென்படவில்லை என்று 2016-இல் எழுதியது. பூமி சூடாகவில்லை என்று அவர்கள் சொல்லவில்லை. இந்தக் கரையோரத்தின் நூறாண்டு மழைப் பதிவுகளில் ஒரு நாள் பெருமழை கூடியதாகத் தெரியவில்லை. வங்கக் கடலின் மேற்குப் பகுதியும் எதிர்பார்த்த அளவு சூடேறவில்லை. புகையும் தூசியும் வெயிலை மறித்து வெப்பத்தை ஈடுகட்டியிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம்.

குரோம்பேட்டை டீக்கடை விவாதத்தில் தவறாமல் வரும் கேலி ஒன்று உண்டு: "அப்ப பனியுகம் வரும்னாங்க, இப்ப கொதிக்குதுங்கறாங்க!" கேலிக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1971-இல் ரசூலும் ஸ்டீபன் ஷ்னைடரும் 'சயின்ஸ்' இதழில், காற்றில் தூசி பெருகினால் பூமி குளிரும் என்று கணக்கிட்டார்கள். கரியமில வாயுவின் விளைவைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று ஷ்னைடரே சில ஆண்டுகளில் திருத்திக்கொண்டார். 1965 முதல் 1979 வரையிலான ஆய்வுகளைப் பின்னாளில் எண்ணிப் பார்த்தபோது, குளிரும் என்றவை 7, சூடாகும் என்றவை 44. பத்திரிகைகளுக்கு அந்த ஏழுதான் சுவாரசியமாகப் பட்டிருக்கின்றன. நம் தொழிலின் குணம் அப்படி.

வேடிக்கை என்னவென்றால், கேலிக்குள்ளான அந்தத் தூசிதான் 2016-இல் தாம்பரத்து மழைக்கணக்கில் மறுபடி தலைகாட்டியது. தூசி குளிர்விக்கும் என்பது பிழையில்லை. எவ்வளவு என்பதில்தான் பிழை.

இதோடும் வழக்கு முடியவில்லை. ஹைதராபாத் பல்கலைக்கழகக் குழு 2018-இல், தெற்கு வங்கக் கடல் சூடேறியதற்கு இம்மழையில் பங்குண்டு என்றது. கடலின் எந்தப் பகுதி, எந்த ஆண்டுகள் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

தண்ணீர் ஊருக்குள் புகுந்த கதைக்கு இவ்வளவு நுட்பம் தேவைப்படவில்லை. மத்திய தணிக்கைத் துறையின் அறிக்கை, செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்த விதத்தையும் நீர்நிலை ஆக்கிரமிப்புகளையும் சுட்டிக்காட்டி, இதை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றது. 2018 ஜூலையில் அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது வெள்ளம் வடிந்து இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன.