ஆய்வேடு ஏன் இழுபடுகிறது?

தெல்லிப்பழையில் முதுமாணிப் படிப்புக்குப் பதிந்திருப்போர் பலர் முழுநேர மாணவர்கள் அல்லர். ஆசிரியர்கள், பிரதேச செயலக உத்தியோகத்தர்கள், வைத்தியசாலைப் பணியாளர்கள். கிழமை நாளில் வேலை. சனி, ஞாயிறில் மல்லாகமும் சுன்னாகமும் கடந்து திருநெல்வேலியில் உள்ள யாழ். பல்கலைக்கழகத்தில் விரிவுரை. விரிவுரையும் பரீட்சையும் எப்படியோ முடிந்துவிடும். ஆய்வேடுதான் இழுபடும். அதற்கு ஊர் சொல்லும் காரணம், “எழுதப் பஞ்சி.” இந்தத் தீர்ப்பு பிழை. கணக்குப் பார்த்தாலே அது விளங்கும்.

இலங்கையின் உயர்கல்வித் தகைமைச் சட்டகப்படி, ஆய்வோடு கூடிய முதுமாணிக்கு 60 கிரெடிட் வேண்டும். அதில் ஆய்வுக்குக் குறைந்தது 15. ஆய்வில் ஒரு கிரெடிட் என்றால் குறைந்தது 100 மணிநேர உழைப்பு. ஆக, ஆய்வேட்டுக்கு மட்டும் 1,500 மணிநேரம். இனி ஓர் ஆசிரியையின் நாளைப் பாருங்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சமையல், பிள்ளைகளை ரியூசனுக்கு ஏற்றி இறக்கல், மறுநாள் பாடக்குறிப்பு. எல்லாரும் படுத்த பிறகு கிடைப்பதையும் விரிவுரை இல்லாத ஞாயிறையும் சேர்த்து, கிழமைக்குப் பத்து மணிநேரம் என்று தாராளமாகவே வைப்போம். 150 கிழமைகள் வேண்டும். கிட்டத்தட்ட மூன்று வருடம். இதுவும் ஒரு செத்தவீடு, ஒரு கோயில் திருவிழா, ஒரு காய்ச்சல்கூட இடையில் வராவிட்டால்தான். மீள்குடியேறிய கிராமத்துக்கு வினாக்கொத்தோடு போனால் வீட்டுக்காரர் தோட்டத்தில் நிற்பார். இன்னொரு நாள் போக வேண்டும். பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட அத்தியாயத்தை யுனிக்கோடுக்கு மாற்றினால் எழுத்துகள் சிதறும். இரண்டு இரவு அதைத் திருத்துவதிலேயே போய்விடும். சிறிய சம்பவங்கள்தான். ஆனால் ஒவ்வொன்றும் அந்தப் பத்து மணிநேரத்திலிருந்தே கழிகிறது.

“தொண்ணூறுகளில் கரண்டே இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்துச் சித்தியடைந்தார்களே?” என்று கேட்பார்கள். உண்மை, அந்தத் தலைமுறையின் விடாமுயற்சி வணங்கத்தக்கது. ஆனால் அவர்களில் அநேகர் முழுநேர மாணவர்கள். வீடு முழுவதும் அவர்களுக்காக ஒதுங்கி நின்றது. அதோடு, பரீட்சைக்கு நாள் குறிக்கப்படும். அந்த நாள் வந்தால் எழுதியே ஆக வேண்டும். ஆய்வேடோ எந்த இரவிலும் நாளைக்கு என்று தள்ளிவைக்கக் கூடியது. இன்னும் பின்னுக்குப் போய்ப் பார்க்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை தெல்லிப்பழை மிசன் பாடசாலையில் படித்தவர். பிறகு அவர் போய்ச் சேர்ந்த வட்டுக்கோட்டைச் செமினரி மாணவர் தங்கிப் படித்த இடம். அவருடைய அறிவாற்றலை இது குறைத்துவிடாது. ஆனால் படிக்கவென்றே ஒதுக்கிய ஒரு கூரையும் ஆண்டுகளும் அவருக்குக் கிடைத்தன. இன்றும் பல்கலைக்கழக விரிவுரையாளருக்கு மேற்படிப்புக்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. கிராமப் பாடசாலை ஆசிரியையைப் பார்த்துப் பஞ்சி என்று சொல்பவர்கள் இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்ப்பதில்லை.

சம்பள உயர்வுக்காகப் படிக்கிறார்கள், ஊர் ஏன் கவலைப்பட வேண்டும் என்பது இன்னொரு கேள்வி. நோக்கம் எதுவானாலும், எழுதப்படுவது ஊரின் அறிவு. போரால் 1990இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்குக் குடும்பங்கள் திரும்பி வந்து காணியை எப்படி மீட்டெடுத்தன? சீமெந்துத் தொழிற்சாலைக்காகச் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த பள்ளங்கள் கிணற்றுநீரை என்ன செய்கின்றன? இவற்றை வீடு வீடாகக் கேட்டு எழுதக் கூடியவர் இங்கேயே வாழ்பவர். கைவிடப்பட்ட ஆய்வேட்டோடு அந்த வாக்குமூலங்களும் போய்விடும். சொன்ன முதியவர்கள் இரண்டாம் முறை சொல்ல இருக்கமாட்டார்கள்.

நூல் தேடும் சிரமம் முன்போல் இல்லை. 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் வீட்டிலிருந்தே இலவசமாக வாசிக்கலாம். குறைவது அமைதியான மேசையும் தொடர்ச்சியான நேரமும். விடுப்புக் கொடுப்பது அமைச்சின் பொறுப்பு. அது மெதுவாகத்தான் நகரும். மேசை கொடுப்பது ஊரால் முடியும். சனசமூக நிலைய வாசிகசாலைகள் பல பொழுதுபட்டதும் பூட்டப்படுகின்றன. நிர்வாக சபையினரே, இரவு ஒன்பதரை வரை ஓர் அறையைத் திறந்து, இரண்டு மேசையும் வெளிச்சமும் இணைய இணைப்பும் கொடுங்கள். பெண்கள் பயமின்றி வந்து போக ஒருவரைப் பொறுப்பாக நிறுத்துங்கள். அடுத்த பொதுக்கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக எடுக்கலாம்.