புணர்ச்சி விதியும் காட்சித் தொகுப்பும்

சொற்கள் ஒன்றையொன்று தழுவி நின்றே பொருள் தருவன. அவ்வாறு தழுவுமிடத்து நிகழும் மாற்றங்களை நம் இலக்கண நூலார் புணர்ச்சி என வகுத்துரைத்தனர். முன் நிற்பது நிலைமொழி. அடுத்து வருவது வருமொழி. பொன்னும் மலையும் மாற்றமின்றிப் பொன்மலை எனச் சேர்வது இயல்பு புணர்ச்சி. வாழைப்பழம் என்பதில் ஓர் எழுத்துத் தோன்றியது; பொற்குடம் என்பதில் ஓர் எழுத்துத் திரிந்தது; மரவேர் என்பதில் ஓர் எழுத்துக் கெட்டது. தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் இம்மூன்றும் விகாரப் புணர்ச்சியாம். இவ்விதிகளை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிவரும் யான், கணினியிற் காணொளி தொகுக்கும் மாணவர்க்கு உதவ நேர்ந்தபோது, ஆங்கும் இவ்விலக்கணம் பயின்று வரக் கண்டேன். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு காட்சித் துண்டுகள் அடுத்தடுத்து வருமிடத்து, முதலாவதை நிலைத்துண்டு என்றும் இரண்டாவதை வருதுண்டு என்றும் கொள்வோம். இடையில் மாற்றமின்றி ஒன்று முடிய மற்றொன்று தொடங்குவது 'கட்'. இஃது இயல்பு புணர்ச்சி. இருளிலிருந்து காட்சி படிப்படியாக ஒளிபெறுவது 'ஃபேட் இன்', இது தோன்றல். காட்சி மங்கி இருளில் மறைவது 'ஃபேட் அவுட்', இது கெடுதல். ஒரு காட்சி கரையக் கரைய அதனூடே மற்றொன்று துலங்குவது 'டிசோல்வ்', இது திரிதல். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. மொழியில் விகாரம் விதியால் நிகழ்வது. தொகுப்பில் அது தொகுப்பவன் விருப்பால் நிகழ்வது. ஆதலின் அதன் பொறுப்பும் அவனையே சாரும்.

இவ்வுத்தி கணினிக்கு மிக முந்தியது. பிரான்சிய நாட்டு ஜோர்ஜ் மெலியெஸ் 1899ஆம் ஆண்டு தயாரித்த 'சின்டரெல்லா' படத்திலேயே காட்சிகள் ஒன்றினுள் ஒன்று கரைவதைக் காணலாம். அக்காலத்தில் இதனைக் கமராவினுள்ளேயே செய்தனர். வில்லையின் துவாரத்தை மெல்ல மூடுவர். படச்சுருளைச் சிறிது பின்னோக்கிச் சுற்றுவர். அடுத்த காட்சிக்குத் துவாரத்தை மெல்லத் திறப்பர். ஒரே சுருளில் இரு காட்சிகளும் பதியும். கை தவறின் இரண்டுமே பாழாகும். பின்னர், எடுத்த படத்தை மறுபடி படம்பிடிக்கும் ஒளியியற் பொறிகள் வந்தபோது இவ்வேலை படப்பிடிப்புத் தளத்தை விட்டு ஆய்கூடத்துக்கு மாறியது.

இன்று அது வெறும் கணக்காகிவிட்டது. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் ஒரு செக்கனுக்கு 25 சட்டகங்கள். ஒரு செக்கன் நீளும் கரைவில் 5ஆம் சட்டகத்தில் நிலைத்துண்டின் பங்கு 80 விழுக்காடு. வருதுண்டின் பங்கு 20 விழுக்காடு. ஒரு புள்ளியின் ஒளியளவு முன்னதில் 200, பின்னதில் 100 எனின், அச்சட்டகத்தில் 160உம் 20உம் சேர்ந்து 180 ஆகும். வருதுண்டுக்குப் பதிலாக முழுக் கருமையை, அதாவது பூச்சியத்தை, இட்டால் அதுவே மங்கல். இலவசமாகக் கிடைக்கும் 'ஷொட்கட்' என்னும் மென்பொருளில், ஒரே தடத்திலுள்ள ஒரு துண்டை இழுத்து அடுத்ததன்மேற் சிறிது படியவிட்டாற் கரைவு தானே உண்டாகும். மங்கலுக்குத் துண்டின் மேல்மூலையில் தோன்றும் சிறு வட்டத்தை உள்ளே இழுத்தாற் போதும்.

மாணவர் பலர் இடறுவது இவ்விடத்தேதான். 10 செக்கன் கொண்ட இரு துண்டுகளை ஒரு செக்கன் படியவிட்டால் மொத்தம் 20 ஆகாது, 19 ஆகும். பேசுபவரின் கடைசிச் சொல் அந்தச் செக்கனில் இருப்பின் அது அடுத்த காட்சியோடு கலந்து கெடும். ஆகவே படம்பிடிக்கும்போதே முன்னும் பின்னும் இரண்டு செக்கன் மிகையாக ஓடவிடுதல் வேண்டும். ஒலிக்கும் தனிக் கணக்குண்டு. ஒலியின் வலு வீச்சத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நடுவில் இரு ஒலிகளும் அரைவாசி வீச்சம் பெறின் ஒவ்வொன்றின் வலுவும் காற்பங்காகும். இரண்டும் கூடி அரைப்பங்கே. எனவே ஒலி குழிவிழுந்ததுபோற் கேட்கும். இதனைத் தவிர்க்க நடுவில் ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 71 விழுக்காட்டில் நிறுத்துவர்.

இனி, எங்கே கரைப்பது, எங்கே கரைக்கலாகாது என்பதைக் காண்பாம். எம் மாணவர் பொகவந்தலாவையைப் பற்றிச் சிறு படமொன்று எடுத்தனர். இங்குள்ள புனித மரியாள் ஆலயத்து இடுகாட்டிலே யூலியா மார்கரெட் கமரன் அம்மையார் துயில்கின்றார். 1815இற் கல்கத்தாவிற் பிறந்து, 48ஆம் வயதிற் கமராவைக் கையிலெடுத்து, விளிம்புகள் மென்மையாகக் குழையும் உருவப்படங்களாற் புகழ்பெற்று, 1875இல் இலங்கை வந்து, 1879இல் மறைந்தவர் அவர். மாணவர் அக்கல்லறையைத் தேயிலை மலையினுள் இரண்டு செக்கன் கரையவிட்டனர். இம்மலைகளில் மாண்ட எம் முன்னோர் பலருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. ஒரு சொல்லுமின்றி அக்கரைவு அதனை உரைத்தது. இது தக்க திரிதல்.

மற்றொரு கரைவு தகாதது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் உடன்பிறந்தார் இந்தியா சென்றதைப் பற்றி, கொழுந்தெடுத்து ஓய்ந்த மூதாட்டி ஒருவர் பேசியிருந்தார். "போனவங்க கடுதாசி போடலை" என்றார். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "நாங்க போடவும் விலாசம் தெரியாது" என்றார். படம் நீளுகிறதென்று மாணவன் ஒருவன் அம்மௌனத்தையும் பின்வந்த சொற்களையும் நீக்கி, தையல் தெரியாதபடி அவ்விடத்தைக் கரைத்துவிட்டான். அதனைப் பார்த்து நன்றென்று ஒப்பியவன் யானே. திரையிட்ட அன்று அவ்வம்மையார் அவனை அழைத்து, "நான் அதோட நிப்பாட்டலையே, தம்பி" என்றார். அவர் கூறியது இருபாலும் நேர்ந்த இழப்பு. யாம் காட்டியதோ மறந்துபோன உறவினர்மீது ஒரு பழி.

நீக்கியவற்றை மீளச் சேர்த்தோம். மௌனமும் முழுமையாக மீண்டது. சுருக்கியே ஆகவேண்டுமெனில் வெளிப்படையாக வெட்டுக; அல்லது ஒரு செக்கன் இருளவிட்டு, இங்கே ஏதோ விடப்பட்டதெனப் பார்ப்பவர் அறியச் செய்க. மரவேர் என்னும் சொல்லைக் காண்பவன், கெட்ட எழுத்து மகரமெய் என்று விதிகொண்டு மீட்டறிவான். பேச்சின் நடுவே கரைத்து மறைத்ததை மீட்டறிய எவ்விதியும் இல்லை. ஆதலின் காலம் கழிந்ததைக் காட்டக் கரைக்கலாம். கருத்துக் கழிந்ததை மறைக்கக் கரைத்தலாகாது.