இன்ஜினைத் துடையுங்கள், குளிப்பாட்டாதீர்கள்!

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் இருக்கும்போதே வாட்டர் சர்வீஸ் கடைகளில் கார்கள் வரிசை கட்டிவிடும். மேலே நுரை, அடிப்பாகத்துக்கு ஒரு பீய்ச்சல், கடைசியில் பானட்டைத் திறந்து இன்ஜின் மீதும் அதே தண்ணீர்த் துப்பாக்கியால் ஓர் அடி. அதற்கு மேல் டீசலை ஸ்பிரே செய்து பளபளப்பாக்கித் தருகிற கடைகளும் உண்டு. சந்தனம், குங்குமம் வைக்க வண்டி தயார். மறுநாள் சாவியைத் திருப்பினால் இன்ஜின் உதறுகிறது, மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிகிறது. மெக்கானிக் ஷெட்டுகளுக்கு இது பழகிப்போன கதை.

பிரீமியர் பத்மினி, அம்பாசடர் காலத்தில் இதனால் பெரிய கெடுதல் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் இறங்கினால் கழற்றித் துடைத்து, கொஞ்சம் வெயிலில் வைத்து மாட்டினால் வண்டி கிளம்பிவிடும். இன்றைய காரில் பானட்டுக்குள் எங்கு பார்த்தாலும் மின்சாரச் சமாச்சாரம்தான். ஃப்யூஸ் பெட்டி, ஆல்டர்நேட்டர், பல கார்களில் இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், ஏராளமான சென்சார்கள், அவற்றை இணைக்கும் பிளாஸ்டிக் கனெக்டர்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசுக்கட்டுப்பாட்டு விதிகள் வந்தபிறகு புகையைக் கண்காணிக்கும் சென்சார்களும் கூடிவிட்டன. பெட்ரோல் கார்கள் பலவற்றில் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கின் தலையிலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கிறது. பிளக் இருப்பது ஆழமான குழிக்குள். அதில் தேங்கிய தண்ணீர் சுலபத்தில் வெளியேறாது. பொறி பிளக்கின் முனையில் தெறிக்காமல் ஈரத்தின் வழியே கசிந்தோட, அந்த சிலிண்டர் வேலை செய்யாது. மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்று சொல்வது இதைத்தான்.

மழையில் ஓட்டும்போது மட்டும் நனையாதா என்று கேட்கலாம். நனையும். சாலையிலிருந்து தெறிக்கும் தண்ணீரைத் தாங்கத்தான் கனெக்டர்களுக்கு ரப்பர் சீல் வைத்திருக்கிறார்கள். ஆனால் தண்ணீர்த் துப்பாக்கியின் வேகம் வேறு; வீட்டுக்கென்று விற்கும் சிறிய பிரஷர் வாஷரே 100 பார் அளவுக்கு அழுத்தம் தரும். வீட்டுக் குழாயில் வருவது அதில் மிகச் சிறு பங்கே. பல வருஷம் சூட்டில் கிடந்து இறுகிப்போன ரப்பர், ஒரு சாண் தூரத்திலிருந்து வரும் அந்தத் துப்பாக்கி வீச்சைத் தாங்குமா?

கார் கம்பெனிகளும் இதை ஒளித்து வைக்கவில்லை. இன்ஜின் அறைக்குள் கழுவக் கூடாது, மின் பாகங்கள் தீப்பிடிக்கக்கூடும் என்று டொயோட்டாவின் கையேடுகள் எச்சரிக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிக்கும் ஹூண்டாயின் கையேடும், தண்ணீர் பட்டால் மின்சுற்று பழுதாகலாம் என்கிறது. டேஷ்போர்டு பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கும் அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் புரட்டினால் போதும்.

அதற்காக இன்ஜினை அழுக்கோடு விட்டுவிடவும் கூடாது. எண்ணெயும் தூசியும் சேர்ந்து கெட்டியான படலமாகப் படிந்தால் எங்கே கசிகிறது என்பதே தெரியாது. காய்ந்த சருகு சூடான பாகத்தில் விழுந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. எலிக்கோ அந்தச் சருகுதான் மெத்தை. ஆகவே வருஷத்துக்கு இரண்டு முறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒன்றும் வேப்பமரமும் புங்கமரமும் இலை கொட்டி முடித்த கையோடு ஒன்றும் செய்தால் நல்லது. வீட்டு வாசலிலேயே முடிகிற வேலை.

இரவெல்லாம் நின்று ஆறிய வண்டியாக, காலை நேரமாக இருக்கட்டும். சூடான இன்ஜினில் கை வைப்பதும் ஆபத்து, அதன் மேல் குளிர்ந்த நீர் படுவதும் கெடுதல். சாவி காரில் இருக்கக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் மின்சாரத்தில் ஓடுவது. இன்ஜின் நின்றபின்பும் சுழலக்கூடும். தேவைப்படுபவை ஓர் அங்குல பெயின்ட் பிரஷ், பழைய டூத்பிரஷ், நான்கைந்து மைக்ரோஃபைபர் துணி, கையுறை, கார் ஷாம்பூ கலந்த ஸ்பிரே பாட்டில். பெயின்ட் பிரஷ்ஷின் கழுத்தில் இருக்கும் தகரப் பட்டைமேல் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையையும் வண்டியின் உலோகத்தையும் அந்தத் தகரம் ஒருசேரத் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும். மோதிரம், வளையலையும் அதே காரணத்துக்காகக் கழற்றிவிடுங்கள்.

முதலில் கை வைக்க வேண்டிய இடம் முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் மூடிக்கு அடியில். மரத்தடியில் நிற்கும் கார்களுக்கு நோய் தொடங்குவதே இங்குதான். மேலே நாலு சருகுதான் தெரியும். விரலை விட்டால் மட்கிக் கறுத்த மண்ணாகவே வரும். மழைநீர் வடிவதற்காக ஓரத்தில் விட்டிருக்கும் துளையை அது அடைத்திருக்கும். அடைமழையில் அங்கே தேங்கும் தண்ணீர், ஏசி காற்றை இழுக்கும் வழியாக காருக்குள் இறங்கிக் கால்மிதியை ஊறவைக்கும். சருகைக் கையால் அள்ளிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றி, அது கீழே வழிகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

எலிப்புழுக்கை கிடந்தால் உலர்ந்தபடியே பெருக்கக் கூடாது. எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவுகிறது. கிருமிநாசினியைத் தெளித்து ஊறவிட்டு, கையுறை, முகக்கவசத்தோடு பழைய துணியால் வழித்து எடுங்கள். கடித்த ஒயர் கண்ணில் பட்டால் டேப் சுற்றிச் சமாளிக்காமல் எலெக்ட்ரீஷியனிடம் காட்டுவதே சரி. சிலர் புகையிலைக் கட்டு வைக்கிறார்கள், சிலர் ரசகற்பூரம் போடுகிறார்கள். ஹோண்டா நிறுவனமோ மிளகாயின் காரச்சத்தான கேப்சைசின் தடவிய டேப்பையே ஒயர்களுக்காக விற்கிறது. எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும், சருகும் தீனியும் இல்லாத இன்ஜின் அறையில் எலிக்குத் தங்க வேலையில்லை.

தூசியை பிரஷ்ஷால் தட்டி எடுத்தபின் துடைப்பு. ஷாம்பூ நீரைத் துணியில்தான் அடிக்க வேண்டும், பாகத்தின் மேல் நேராக அல்ல. எண்ணெய்ப் பிசுக்கு கெட்டியாக ஒட்டிய உலோகப் பகுதிக்கு மட்டும் டிகிரீஸரை பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் வழித்து எடுக்கலாம். ஆல்டர்நேட்டர், ஃப்யூஸ் பெட்டி, காயில்கள், ஏர் ஃபில்டரின் வாய் ஆகிய இடங்களுக்கு உலர்ந்த துணி போதும். ஹைபிரிட், எலெக்ட்ரிக் கார்களில் ஆரஞ்சு நிறக் கேபிள் ஓடும். நூற்றுக்கணக்கான வோல்ட் பாயும் அதன் பக்கமே கை போகக் கூடாது. ஆம்னி, ஈக்கோ வைத்திருப்பவர்களுக்கு முன் சீட்டுக்கு அடியில்தான் இன்ஜின். அங்கே துணியைத் தவிர வேறு வழியே இல்லை.

பேட்டரி முனையில் வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருந்தால் முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் கிளாம்பைக் கழற்ற வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்பசோடாவைக் கரைத்து டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் பொங்கிக் கரையும். கரைசல் பேட்டரி மூடிக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். மேலே கொஞ்சம் வாஸ்லின்.

டீசலும் கெரசினும் மட்டும் வேண்டவே வேண்டாம். ரப்பர் ஹோஸ்களையும் சீல்களையும் அவை ஊதிப்போகச் செய்கின்றன. பளபளப்பு இரண்டு நாளுக்குத்தான். மூன்றாம் நாள் தெருத்தூசி முழுக்க அதில்தான் ஒட்டும். கெரசின் சுமார் 40 டிகிரியிலேயே தீப்பற்றும் ஆவியை விடக்கூடியது. ஓடும் இன்ஜினின் புகைக்குழாயோ சில நூறு டிகிரி சூட்டில் இருக்கும். மினுக்கத்துக்கென்று விற்கும் சிலிகான் பூச்சும் அவசியமில்லை. அது பெல்ட்டில் பட்டால் வழுக்கும், கிறீச்சிடும்.

வேலை முடிந்ததும் துணி, பிரஷ் எதுவும் உள்ளே தங்கவில்லை என்று பார்த்துவிட்டு, பானட்டைத் திறந்தபடியே பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிடுங்கள். இரவு வண்டிக்கு அடியில் அட்டையையோ செய்தித்தாளையோ விரித்து வையுங்கள். இத்தனை பாடும் இதற்காகத்தான். துடைத்த இன்ஜினில் புதுக் கசிவு ஒரே ராத்திரியில் தெரிந்துவிடும். பழுப்பாகவோ கறுப்பாகவோ பிசுபிசுத்தால் பெரும்பாலும் இன்ஜின் ஆயில். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறத்தோடு நீர்த்திருந்தால் கூலன்ட். நிறமற்ற வெறும் தண்ணீர் ஏசியிலிருந்து சொட்டியது, கவலை வேண்டாம். பெட்ரோல் வாசனை வந்தால் மட்டும் சாவியைத் தொடாமல், வண்டியை நகர்த்தாமல், மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.