பொய்ப்பந்தயமும் இறுதி இருக்கையும்: ஒமாஹா போக்கர் குறித்து ஒரு நோக்கு

சீட்டாட்டத்தை ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், ஜோன் வொன் நொய்மனும் ஒஸ்கார் மோர்கென்ஸ்டேர்னும் பொருளாதார நடத்தையை விளக்க 1944இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூல், போக்கருக்கெனத் தனிப்பகுதி ஒன்றை ஒதுக்கியது. வலுவற்ற கையை வலியதெனக் காட்டிக் கட்டும் பொய்ப்பந்தயம் வெறும் தனிமனிதக் கபடமன்று. தகவல் சமமாகப் பகிரப்படாத நிலையில் எழும் தருக்கமே அது எனலாம்.

ஒமாஹா என்னும் போக்கர் வகையிலே இதனைத் தெளிவாகக் காணலாம். இதில் ஒவ்வொருவருக்கும் நான்கு மறைசீட்டுகள் வழங்கப்படும்; ஐந்து பொதுச்சீட்டுகள் படிப்படியாகத் திறக்கப்படும். மறைசீட்டுகளில் இரண்டையும் பொதுச்சீட்டுகளில் மூன்றையும் சேர்த்தே கை அமைத்தல் வேண்டும். நான்கிலிருந்து இரண்டை ஆறு வகையாகத் தெரிந்தெடுக்கலாம். ஆதலின் எதிராளியிடம் வலிய கை இருக்கும் வாய்ப்பு மிகுதி. கண்மூடித்தனமான பொய்ப்பந்தயம் இங்கு விரைவிலே தோற்கும்.

இந்நிலையில் துணைபுரிவது இருக்கையாகும். பொதுச்சீட்டுகள் திறக்கத் தொடங்கியபின், பங்கிடுவோர் குறி எவர்முன் உள்ளதோ அவரே ஒவ்வொரு சுற்றிலும் இறுதியாகச் செயற்படுவார். அவருக்கு முன்னிருப்போர் பந்தயம் கட்டினரா, கட்டாது விட்டனரா என்பதை அறிந்தபின்னரே அவர் முடிவெடுக்கிறார். இணையவழி ஆட்டத்தில் முகக்குறிப்பு இல்லை. செயலின் ஒழுங்கும் பந்தய அளவும் எடுத்த நேரமுமே சான்றுகள். ஆகவே இறுதி இருக்கையின் பெறுமதி அங்கு மேலும் துலங்குகின்றது.

உதாரணமொன்றை நோக்குவோம். ஐந்து பொதுச்சீட்டுகளும் திறக்கப்பட்டுவிட்டன. அவற்றுள் மூன்று ஒரே இனத்தவை. அவ்வினத்தின் ஏஸ் நம் கையில் தனித்துள்ளது. நம்மிடம் ஓரினக் கை இல்லை. எனினும் அதன் உச்சக் கை எதிராளியிடமும் இல்லையென்பதை நாம் அறிவோம். அவர் பந்தயம் கட்டாது விடுகிறார். பொதுத்தொகை 100 ரூபாவாயிருக்க, நாம் 100 ரூபா கட்டுகிறோம். இரு தடவைக்கு ஒரு தடவைக்கு மேல் அவர் விலகுவாராயின் நமக்கு ஆதாயமே. அவரோ 200 ரூபாவைப் பெற 100 ரூபா இடுகிறார். மூன்றில் ஒரு தடவை வென்றாலே அவருக்கு நட்டமில்லை. எனவே, இரண்டு மெய்ப்பந்தயத்துக்கு ஒரு பொய்ப்பந்தயம் என்ற விகிதத்தை மீறுவோரை, கவனமுள்ள எதிராளி எளிதில் வெல்வார். மெய் மிகுந்திருந்தாலன்றிப் பொய் நம்பப்படுவதில்லை.

இங்கு ஒன்று சிந்திக்கத்தக்கது. ஆட்டத்தில் இறுதி இருக்கை ஒவ்வொரு பங்கீட்டின் பின்னும் அடுத்தவருக்கு நகர்கின்றது, அனுகூலம் சுழல்கின்றது. மேசையை நடத்தும் நிறுவனமோ பொதுத்தொகையிலிருந்து தன் பங்கை எடுத்துக்கொள்கின்றது. அதற்குப் பந்தயமுமில்லை, இழப்புமில்லை. ஆட்டக்காரர் அனைவரது கணக்கையும் கூட்டினால் எஞ்சுவது நட்டமே. சமுதாயத்திலோ, பிறர் நிலையறிந்து இறுதியாகப் பேசும் இருக்கை பெரும்பாலும் சுழல்வதில்லை. விளைச்சலை விற்றேயாக வேண்டிய விவசாயி முதலிலும், காத்திருக்க வல்ல வணிகர் இறுதியிலும் பேசுகின்றனர். அங்கு பொய்யைக் கண்டிப்பதோடு நாம் அமைதல் தகாது. அவ்விருக்கை ஏன் நகர்வதில்லை என்றும் வினவுதல் வேண்டும்.