முதியோர் அறிதிறன் ஆய்வில் தரவுப் பேணலும் புள்ளியியலும்: வட சிலாங்கூர்த் தோட்டப்புறத் தமிழரை முன்னிறுத்திச் சில கருத்துகள்

முதுமையில் மூளையின் செயற்பாடு எவ்வாறு மாறுகிறது என்பதை ஆராயும் முயற்சிகள் மருத்துவத்தின்பாற்பட்டவை என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. ஆயின், அவற்றின் முடிவுகளை மருத்துவரின் கூற்றைப் போலவே வினாப்படிவத்தில் இடப்படும் குறியீடும் அதனைக் கணக்கிடும் முறையும் தீர்மானிக்கின்றன. படிவத்தின் மொழி தமிழாக அமையுமிடத்துத் தமிழாசிரியர்க்கும் இதில் பங்குண்டு. கோலசிலாங்கூர், உலுசிலாங்கூர், சபாக் பெர்ணம் வட்டாரத் தோட்டங்களில் உழைத்து முதுமையடைந்தோரைக் கருத்திற்கொண்டு இதனை விளக்க முயல்கிறோம்.

மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் சிலாங்கூர் உள்ளிட்ட நான்கு மாநிலங்களில் அறுபது வயதைக் கடந்த 2,322 பேரைக் கொண்டு நெடுங்கால ஆய்வொன்றைத் தொடங்கியது. சுகாதார அமைச்சின் 2018ஆம் ஆண்டுத் தேசிய நலவாய்வு, முதியோரில் 8.5 விழுக்காட்டினரிடம் முதுமை மறதிக்கான அறிகுறிகள் இருப்பதாகக் கண்டது. முறையான கல்வி பெறாதோரிடையே இவ்வளவு கூடுதலாக இருந்தது. இங்கு ஒரு வினா எழுகிறது. கல்வியின்மை மூளையின் தாங்குதிறனைக் குறைத்ததா? அல்லது சோதனையே நினைவாற்றலுக்கு மாறாகப் பள்ளிப் பயிற்சியை அளந்ததா? இரண்டும் கலந்திருக்கக்கூடும். அவற்றைப் பிரித்தறிவதே புள்ளியியலாரின் பணி. அந்நலவாய்வில் பயன்பட்ட கருவி, எழுத்தறிவு குறைந்த ஆப்பிரிக்க முதியோர்க்கென வகுக்கப்பட்டது என்பதும் நோக்கத்தக்கது.

1975இல் வெளிவந்த முப்பது மதிப்பெண் கொண்ட சிறுமனநிலைச் சோதனையே உலகில் பெரிதும் வழங்கிவருவது. அதில் உலகம் எனப் பொருள்படும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லைப் பின்னிருந்து எழுத்துக்கூட்டச் சொல்லும் வினா உண்டு; எழுத்துக்கொரு மதிப்பெண். தமிழில் 'உலகம்' என நேரே பெயர்த்தால் நான்கெழுத்தே கிடைக்கும். ஐந்தாவது மதிப்பெண்ணுக்கு எங்கே போவது? உயிர்மெய்யை ஒன்றெனக் கொள்வதா, இரண்டாகப் பிரிப்பதா என்பது இலக்கண வகுப்பில் சுவையான வினா. ஆனால் பள்ளிப்படியையே மிதிக்காத பால்மரம் சீவிய மூதாட்டிக்கு அது பொருளற்ற வினா. இது என்ன மாதம் என்று கேட்க, அவர் 'ஆடி' என்று சரியாகச் சொன்னால் அதனை ஏற்பதா மறுப்பதா என்பதும் களப்பணிக்கு முன்பே கையேட்டில் எழுதப்படவேண்டும். நேர்காண்பவர் அவரவர் விருப்பப்படி முடிவெடுத்தால், பின்னர் எந்தக் கணக்கீட்டாலும் அதனைச் சீர்செய்ய இயலாது.

இதனினும் பெரிய இடர் சுழியத்தில் உள்ளது. ஐங்கோண வடிவத்தைப் பார்த்து வரையாத முதியவர் வரைய மறந்தவராக இருக்கலாம்; கண்புரையால் பார்வை மங்கியவராக இருக்கலாம்; எழுதுகோலே பிடித்தறியாதவராகவும் இருக்கலாம். 'நமக்கெதற்குப்பா இதெல்லாம்' என்று மறுத்தவராகவும் இருக்கலாம். நால்வர்க்கும் சுழியமே இட்டால் நால்வரும் நோயாளராகின்றனர். தவறான விடை, உடற்குறையால் இயலாமை, மறுப்பு, கேட்கப்படாமை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறியீடு வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே. பதிவை இருவர் தனித்தனியே உள்ளிட்டு ஒப்பிடுதலும் நன்று.

தமிழகச் சான்றொன்று இங்குப் பெரிதும் உதவும். 1998இல் கொச்சியில் உருவான 'பத்து-அறுபத்தாறு' முதுமை மறதி ஆய்வுக்குழு, இந்தியாவில் சென்னையையும் வேலூர்ப் பகுதிச் சிற்றூர்களையும் களமாகக் கொண்டது. 2008இல் லான்செட் இதழில் வெளியான அதன் கட்டுரைப்படி, அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் வரையறையைக் கொண்டு நோக்கியபோது இந்தியக் கிராமக் களத்தில் நோயுற்றோர் 0.3 விழுக்காடே. கல்விக்கும் பண்பாட்டிற்கும் ஏற்ப வகுத்த அக்குழுவின் சொந்த அளவுகோலிலோ, எல்லா நாடுகளின் களங்களிலும் 5.6 முதல் 11.7 விழுக்காடு வரை அமைந்தது. தாத்தாவின் மறதியை 'வயசாயிற்று' என்று வீட்டார் ஏற்றுக்கொண்டு அவர் வேலைகளைத் தாமே செய்துவிடும் குடும்பத்தில், குறைபாடு படிவத்தில் ஏறாமற் போவது எளிது. ஆக, கருவி பொருந்தாவிடில் நலமுற்றவர் நோயாளராவதும் உண்டு. நோயுற்றவர் கணக்கிலிருந்து மறைவதும் உண்டு.

வயதும் இங்குச் சிக்கலே. அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்களைக் கணினி பிறந்தநாளாகவே கொள்ளும். பதிவின்போது மதிப்பீடாகச் சொல்லப்பட்ட நாள் என்பதை அது அறியாது. ஆதலின் நிகழ்ச்சிக் காலவரிசை துணைக்கு வருகிறது. எண்பத்தைந்தைக் கடந்தோர்க்கு 'ஜப்பான்காரன் காலம்'. ஏனையோர்க்கு 1957இன் விடுதலை, 1969இன் மே கலவரம், தோட்டம் கைமாறிய ஆண்டு ஆகியவை பயன்படும். முனியம்மா என்ற பெயரை உரோமன் எழுத்தில் மூன்று நான்கு வகையாக எழுதுவர். ஆகவே, பெயரைக் கொண்டு பதிவுகளை இணைக்காமல் ஆய்வெண்ணைக் கொண்டே இணைத்தல் வேண்டும்.

1917இல் மலாயாவில் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை நடப்பெற்ற தென்னமரம் தோட்டம், முன்னர் பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயாவிற்கு அருகில் உள்ளது. இத்தகைய தோட்டங்களில் பிறந்தோர் பலர் இன்று பிள்ளைகளோடு நகர்ப்புற வீடுகளில் வாழ்கின்றனர். மூன்றாண்டு கழித்து மீண்டும் செல்லும் ஆய்வாளர் பூட்டிய கதவையே காணக்கூடும். நினைவு குன்றியோரே முதலில் பிள்ளைகளிடம் அழைத்துச் செல்லப்படுவராயின், எஞ்சியோரின் சராசரி உயர்ந்து காணும். அதனைத் தோட்டத்தாரின் நலம் என்று பிழைபடக் கொள்ள நேரும். எனவே, முதற்சந்திப்பிலேயே உறவினர் இருவரின் தொடர்பை இசைவு பெற்றுக் குறிப்பதும், விலகியோரின் முதல் மதிப்பெண்ணை எஞ்சியோரினதோடு ஒப்பிடுவதும் தேவை. நேர்காணல் எம்மொழியில் நடந்தது, தமிழ் வடிவத்தை யார் சரிபார்த்தார் என்பதற்கும் தரவுக்கோப்பில் ஒரு நிரல் ஒதுக்கப்படவேண்டும்.