வீட்டு நிகழ்படக்கருவி

வீட்டு நிகழ்படக்கருவி என்பது, தொழில்முறைப் பயிற்சி இல்லாதோர் குடும்ப நிகழ்வுகளையும் பயணங்களையும் அசையும் படமாகவும் ஒலியாகவும் பதிவு செய்யப் பயன்படுத்தும் கையடக்கக் கருவி ஆகும். படம் பிடிக்கும் பகுதியும் பதிவு செய்யும் பகுதியும் ஒரே உறையில் அமைந்திருப்பதால் இது கேம்கார்டர் எனவும் அழைக்கப்படுகிறது. கேமரா, ரெக்கார்டர் ஆகிய சொற்களின் கூட்டே அப்பெயர். பேச்சு வழக்கில் வீடியோ கேமரா என்பர்.

இக்கருவியைத் தெரிவு செய்வோர் பெரும்பாலும் வில்லை, உணரி ஆகியவற்றின் தரத்தையே ஒப்பிடுவர். எனினும், வீட்டுப் பயன்பாட்டில் பதிவு எந்த ஊடகத்தில், எந்த வடிவத்தில் சேமிக்கப்படுகிறது என்பது அவற்றுக்கு இணையான முதன்மை உடையது. கருவி பழுதடைந்த பின்னரும் பதிவைப் பார்க்க முடியுமா என்பதை அதுவே முடிவு செய்கிறது.

வரலாறு

நிகழ்படக்கருவிகளுக்கு முன்னர், 1965 இல் கோடாக் நிறுவனம் அறிமுகப்படுத்திய சூப்பர் 8 படச்சுருள் வீட்டுப் படப்பிடிப்பில் பயன்பட்டது. 50 அடிச் சுருள் ஒன்றில், நொடிக்கு 18 சட்டகங்கள் வீதம், ஏறத்தாழ 3 நிமிடம் 20 நொடி மட்டுமே பதியலாம். சுருளை வேதிமுறையில் கழுவிய பின்னரே படத்தைக் காண இயலும்.

1983 இல் சோனி நிறுவனம் பீட்டாமூவி என்ற கருவியை வெளியிட்டது. இது பீட்டாமேக்ஸ் நாடாவில் பதிந்தது. ஆனால் பதிந்ததைத் திரும்பக் காட்டும் வசதி அதில் இல்லை. 1984 இல் ஜேவிசி நிறுவனத்தின் ஜிஆர்-சி1 சிறிய விஎச்எஸ்-சி பேழையுடன் வந்தது. இப்பேழையை ஒரு தகவியில் பொருத்தி வீட்டிலுள்ள விஎச்எஸ் இயக்கியிலேயே பார்க்க முடிந்தது. 1985 இல் 8 மி.மீ. அகல நாடாவைக் கொண்ட வீடியோ 8 முறையில் சோனியின் கருவிகள் வந்தன. 1989 இல் வெளிவந்த சோனி சிசிடி-டிஆர்55 ஏறத்தாழ 790 கிராம் எடையே கொண்டிருந்தது. 1995 இல் எண்ணிம முறையிலான டிவி நாடாவும், 2000 இல் டிவிடி வட்டில் பதியும் கருவியும், 2006 இல் உயர்வரையறைப் படத்துக்கான ஏவிசிஎச்டி வடிவமும் அறிமுகமாயின.

பதிவு ஊடகங்கள்

ஒப்புமை நாடா: விஎச்எஸ்-சி, வீடியோ 8, ஹை8 ஆகியன இவ்வகை. நகலுக்கு நகல் எடுக்கும் ஒவ்வொரு முறையும் படத்தின் தரம் குறையும்.

மினி டிவி நாடா: படம் நொடிக்கு 25 மெகாபிட் வீதம் எண்களாகப் பதியப்படுகிறது. ஒரு மணிநேரப் பதிவு கணினியில் ஏறத்தாழ 13 கிகாபைட் இடம் பிடிக்கும். தர இழப்பின்றி நகலெடுக்கலாம். ஆனால் ஒரு மணிநேர நாடாவைக் கணினிக்கு மாற்ற ஒரு மணிநேரம் ஆகும். அதற்குத் தேவையான ஐஇஇஇ 1394 இணைப்புப் புதிய கணினிகளில் பொதுவாகக் காணப்படுவதில்லை.

8 செ.மீ. டிவிடி: ஒரு பக்கத்தின் கொள்ளளவு 1.4 கிகாபைட். பதிவு முடிந்தபின் வட்டைக் கருவியிலேயே 'நிறைவாக்க' வேண்டும். அவ்வாறு செய்யாத வட்டைப் பிற இயக்கிகள் பெரும்பாலும் படிப்பதில்லை.

வன்தட்டு, நினைவக அட்டை: பதிவு கோப்பாக அமைவதால் விரைவாக நகலெடுக்கலாம். நீண்ட பதிவுகள் பல கருவிகளில் 4 கிகாபைட்டுக்கு உட்பட்ட துண்டுகளாகப் பிரிக்கப்படுகின்றன. எனவே கோப்புறை முழுவதையும் சேர்த்தே நகலெடுப்பது நன்று.

தெரிவின்போது கருதப்படுவன

உருப்பெருக்கம்: வில்லைகளின் நகர்வால் கிடைக்கும் ஒளியியல் உருப்பெருக்கமே பயனுள்ளது. எண்ணிம உருப்பெருக்கம், படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குகிறது. அதனால் புதிய விவரம் எதுவும் கிடைப்பதில்லை.

உணரியின் அளவு: ஒத்த வில்லையுடன் 1/4 அங்குல உணரி, 1/6 அங்குல உணரியைவிட மிகுதியான ஒளியைத் திரட்டும். வீட்டினுள் மங்கிய ஒளியில் எடுக்கும் படங்களில் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

அதிர்வு நீக்கம்: தாங்கியின்றிக் கையில் பிடித்து எடுப்போருக்கு இது இன்றியமையாதது.

ஒலி: கருவியிலுள்ள ஒலிவாங்கி, தொலைவில் பேசுபவரின் குரலைவிட அருகிலுள்ள இரைச்சலையே மிகுதியாகப் பதியும். புற ஒலிவாங்கிக்கான துளை உள்ள கருவி விரும்பத்தக்கது. மங்கிய படத்திலும் ஒருவரை அடையாளம் காணலாம். பதிவாகாத குரலைப் பின்னர் மீட்க வழியில்லை.

ஒளிபரப்பு முறையும் மின்விளக்கும்

இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய நாடுகள் நொடிக்கு 25 சட்டகங்கள் கொண்ட பால் முறையையும், அமெரிக்கா, கனடா, சப்பான் ஆகியவை நொடிக்கு ஏறத்தாழ 30 சட்டகங்கள் கொண்ட என்டிஎஸ்சி முறையையும் பின்பற்றின. இதனால் கனடாவில் பதிந்த திருமண நாடா, இருமுறைகளையும் ஏற்கும் இயக்கி இல்லாத யாழ்ப்பாணத்து வீட்டில் ஓடாது.

மற்றொரு சிக்கல் விளக்கொளியில் எழுகிறது. 50 ஏர்ட்சு மின்னோட்டத்தில் இயங்கும் பழைய வகைக் குழல்விளக்கு நொடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்கும். பால் கருவி ஒவ்வொரு சட்டகத்தையும் இரு அரைப்படங்களாக நொடிக்கு 50 முறை பதிவதால், ஒவ்வோர் அரைப்படமும் சரியாக இரண்டு துடிப்புகளின் ஒளியைப் பெறுகிறது. நொடிக்கு 60 முறை பதியும் என்டிஎஸ்சி கருவியில் இவ்வளவு சமமாக அமைவதில்லை. ஆகவே படம் சிமிட்டும். மூடியின் வேகத்தை 1/100 நொடியாக அமைத்தால் சிமிட்டல் பெரிதும் குறையும்.

பதிவுகளைப் பேணுதல்

காந்த நாடா ஈரப்பதத்தால் பூஞ்சை பிடிக்கும். எனவே உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி வைக்கப்படுகிறது. நாடா நன்னிலையில் இருந்தாலும் அதை ஓட்டும் இயக்கி கிடைப்பது அரிதாகி வருகிறது. விஎச்எஸ் இயக்கிகளின் கடைசி உற்பத்தியாளராக அறியப்பட்ட சப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 சூலையில் உற்பத்தியை நிறுத்தியது. எனவே பழைய நாடாக்களை வைத்திருப்போர், இயங்கும் நிலையிலுள்ள கருவி கிடைக்கும்போதே அவற்றைக் கோப்புகளாக மாற்றிக்கொள்வது நன்று. ஒரே வட்டில் அல்லது ஒரே வன்தட்டில் மட்டும் வைப்பது பாதுகாப்பன்று. குறைந்தது இரண்டு நகல்களை வெவ்வேறு இடங்களில் வைத்தல் வேண்டும்.

இன்றைய நிலை

திறன்பேசிகள் பரவியபின் வீட்டு நிகழ்படக்கருவிகளின் விற்பனை பெரிதும் சுருங்கியது. எளிய பயன்பாட்டால் புகழ்பெற்ற ஃபிளிப் கருவியின் தயாரிப்பை சிசுக்கோ நிறுவனம் 2011 இல் நிறுத்தியது. மிகுதியான ஒளியியல் உருப்பெருக்கமும் நெடுநேரத் தொடர்பதிவும் தேவைப்படும் பள்ளி விழா, இசை அரங்கேற்றம் போன்றவற்றுக்குத் தனிக்கருவி இன்றும் பயன்படுகிறது. பழைய கருவியை வாங்குவோர் அதன் மின்கலம், ஊடகம், இணைப்புக் கம்பி ஆகியன இன்னும் கிடைக்கின்றனவா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுதல் வேண்டும்.