ஆக்கவுரிமையும் அதன் எல்லையும்

புதியதொன்றைக் கண்டுபிடித்தவனது இசைவின்றிப் பிறர் அதனைச் செய்யாதவாறு தடுக்கும் தனியுரிமையை அரசு குறித்த காலத்துக்கு வழங்குகின்றது. அதுவே ஆக்கவுரிமை. இஃது இனாம் அன்று, பண்டமாற்று. அவனும் தன் இரகசியத்தை உலகறிய எழுதிக் கொடுத்தல் வேண்டும். ஆதலின் விண்ணப்பத்தில் விவரணம், கோரிக்கை என இரு பகுதிகள் உள. ஆக்கத்தைச் செய்வது எங்ஙனம் என முன்னையது உரைக்கும். எதுவரை தனக்கு உரியது எனப் பின்னையது எல்லையிடும். விவரணம் கோரிக்கையைத் தாங்குகின்றதா என்பதே ஈண்டு எழும் வினா.

தந்தியமைத்த மோர்ஸ், எக்கருவியாலாயினும் மின்காந்த ஆற்றல்கொண்டு தொலைவில் எழுத்துக்களைப் பதிக்கும் முறை யாவும் தமக்கே உரியவை எனத் தம் எட்டாவது கோரிக்கையில் எழுதினார். 1854ஆம் ஆண்டில் அமெரிக்க உயர் நீதிமன்றம் அவர் விவரித்த கருவிக்குரிய உரிமையை நிலைநிறுத்தி, எட்டாவதை மறுத்தது. பிற்காலத்தவன் வேறு வழியிற் காணக்கூடியதையும் அது முன்கூட்டியே அடைத்துவிடுமன்றோ?

மின்குமிழ் வழக்கு இதனை இன்னும் தெளிவாக்கும். சோயர், மான் என்னும் இருவர் கடதாசியையும் மரத்தையும் கரியாக்கி ஒளியிழை செய்தனர். ஆனால் நார்ப்பொருள், நெசவுப்பொருள் அனைத்தின் கரிக்கும் உரிமை கோரினர். எடிசனோ ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தாவரப் பொருள்களை ஆராய்ந்து, நார்கள் ஒருபோகாய் ஓடும் மூங்கிலே தக்கது எனக் கண்டார். அம்மூங்கிற் குமிழ்களைப் பயன்படுத்திய மக்கீஸ்போர்ட் கம்பனிமீது, சோயர், மான் உரிமையைப் பெற்றிருந்தோர் வழக்காடினர். 1895இல் அவ்வுரிமை செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. எல்லா நார்களுக்கும் பொதுவான ஒரு பண்பை அவர்கள் காட்டியிருப்பின், கோரிக்கை நின்றிருக்கவுங் கூடும். காட்டினாரல்லர்.

எனவே ஒவ்வோர் உதாரணத்தையும் எழுதவேண்டும் என்பது விதியன்று. துறையறிந்தவன் அளவான பரிசோதனையுடன் கோரிக்கை முழுவதையும் செய்துகொள்ள இயலுமாயிற் போதும். 2023இல், இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் 26 பிறபொருளெதிரிகளை விவரித்து, அவ்வாறு செயற்படும் இனம் முழுவதையும் கோரிய அம்ஜென் கம்பனியும் இவ்வளவுகோலாலேயே தோற்றது.

கேத்திரகணித வகுப்பில், செங்கோண முக்கோணி ஒன்றுக்கு மட்டும் நிறுவிவிட்டு, “ஆகவே எல்லா முக்கோணிகளுக்கும்” என முடித்த விடையை நம் ஆசான்கள் சிவப்பு மையால் அடித்ததுண்டு. நீதிமன்றங்கள் கூறியதும் அதுவே: காட்டிய அளவே கேட்கலாம்.